தேநீரோடு விழுங்கிய மாத்திரை

தையல் ஆலையில் அவளுக்குப் பெயர் பொத்தான். சட்டைக்குப் பொத்தான் வைக்கும் இயந்திரம் அவளுடையது. ஆள் ஒல்லி, வாய் மட்டும் தெருக்கோடி வரை கேட்கும். வயிறு தெரியத் தொடங்கியதும், பக்கத்து இயந்திரத்தில் காலர் தைக்கும் அக்கா, "இனிமே இவ ரெட்டைப் பொத்தான்" என்று அறிவித்துவிட்டாள்.

ஏழாம் மாதச் சோதனைக்கு மாமியாரோடு மருத்துவமனைக்குப் போனாள். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த நர்ஸ் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தேனே, காக்காய்க்கா போட்ட?"

"ஒரு நாள்கூட விடலை சிஸ்டர்."

"அப்போ ரத்தம் ஏறியிருக்கணுமே, இறங்கியில்ல இருக்கு? பிரசவத்துல யாருக்கும் கொஞ்சம் ரத்தம் போகத்தான் செய்யும். உனக்கு இருக்கிறதே குறைச்சல். அந்தக் கொஞ்சத்தைக்கூட உடம்பு தாங்காது. அடுத்த மாசமும் இப்படியே இருந்தா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவேன். ரத்தம் ஏத்த வேண்டியிருக்கும்."

மாமியார் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அவருடைய தங்கை பிரசவத்தில் ரத்தம் போய் இறந்தவள். பிறந்தது பெரிய குழந்தை. வயிறு முட்டச் சாப்பிட்டாள், பிள்ளை பெருத்தது, அதனால் செத்தாள் என்று அன்றைக்கு யாரோ சொன்னார்கள். சொன்னவர் மறந்திருப்பார், கேட்டவர் மறக்கவில்லை. மருமகள் உண்டானதிலிருந்து அவள் தட்டில் ஒரு கரண்டி குறைத்தே போட்டார். முட்டையை மகனுக்கு ஒதுக்கினார். கொடுமை செய்ய அல்ல, அவளைக் காப்பாற்ற.

"நான்தான் அளவா போடுறேன்" என்றார் நர்ஸிடம். "என் தங்கச்சி பெரிய குழந்தையைப் பெத்துத்தான் ரத்தம் போய்ச் செத்தா. குழந்தை சின்னதா இருந்தா சுகமா வந்துரும்னு..."

நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள். "சாப்பாட்டைக் குறைச்சா பிரசவம் சுலபமாகாதும்மா. குழந்தை எடையில்லாம பிறக்கும், இவளுக்குத் தாங்குற தெம்பு இருக்காது. உங்க தங்கச்சியைச் சாப்பாடு கொல்லலை. ரத்தத்தை நிறுத்த ஆளில்லாம போயிருக்கும்."

நர்ஸ் பொத்தான் பக்கம் திரும்பினாள்.

"சாப்பாடு ஒண்ணு. ஆனா மாத்திரை ஏன் வேலை செய்யலை? எதோட முழுங்குற?"

"டீயோட."

"ஏன், தண்ணிக்குப் பஞ்சமா?"

"டீ மிஷின்கிட்டயே வந்துரும் சிஸ்டர். தண்ணிக்கு எந்திரிச்சுப் போகணும். குடிச்சா அப்புறம் பாத்ரூம் போகணும். எங்க வரிசைக்கே ஒரு டோக்கன்தான். அது வர்றதுக்குள்ள பிள்ளையே பிறந்துரும்."

ஒரு வரிசைப் பெண்கள் அத்தனை பேருக்கும் ஒரே மரத்துண்டு. அது கையில் இருந்தால்தான் கழிப்பறைக்குப் போகலாம். ஆகவே அங்கே தைப்பவர்கள் தாகத்தை அடக்கப் பழகியிருந்தார்கள். மாத்திரை விழுங்கும் கர்ப்பிணிகள் எல்லோரும் தேநீரில்தான் விழுங்கினார்கள்.

"அந்தச் சத்தை உடம்புல சேரவிடாம டீ தடுத்துரும்" என்றாள் நர்ஸ். "மாத்திரைக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரு மணி நேரமாவது டீ கூடாது. தண்ணியோட போடு, எலுமிச்சைச் சாறு இருந்தா இன்னும் நல்லது. தண்ணி நிறையக் குடி. அடக்கி வைக்காதே, நீர்த்தாரையில கிருமி வந்துரும்."

ஏழைப் பெண்களுக்கு ஊட்டச்சத்து பற்றிய விழிப்புணர்வு போதவில்லை என்று மேடைதோறும் முழங்குகிறார்கள். கீரையின் மகிமையைத் துண்டறிக்கையில் அச்சடிக்கிறார்கள். மனித உடம்புக்குச் சிறுநீர் வரும் என்பதையே அறியாத ஒரு நிர்வாகத்துக்கு எந்தத் துண்டறிக்கையைக் கொடுப்பது? மாத்திரை இலவசம், அதை விழுங்க ஒரு குவளைத் தண்ணீருக்குத்தான் அனுமதி வேண்டும்.

மறுநாள் பொத்தான் ஒரு பெரிய பாட்டில் தண்ணீரை இயந்திரத்தின் பக்கத்தில் வைத்துக் குடித்தாள். டோக்கனைக் கேட்டாள். சற்று நேரம் கழித்து மறுபடி கேட்டாள்.

"இப்பதானே போன?" என்றார் சூப்பர்வைசர்.

"அப்போ போனது நான் சார். இப்போ உள்ள இருக்கிறவர் உதைக்கிறார். அவர்கிட்ட நீங்களே பேசிக்கோங்க."

வரிசை சிரித்தது. சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. "உற்பத்தி குறைஞ்சா யார் பதில் சொல்றது?"

காலர் அக்கா இயந்திரத்தை நிறுத்தினாள். "சார், அவ மயங்கி விழுந்தா மொத்த வரிசையும் நிக்கும். அதுக்கும் நீங்கதான் பதில் சொல்லணும்." அவள் நிறுத்தியதும் அடுத்தவள் நிறுத்தினாள். அப்புறம் சட்டைக்குக் கை வைப்பவள், பை வைப்பவள். கூரையில் சுற்றும் மின்விசிறியின் சத்தம் முதல்முறையாகக் கேட்டது. சூப்பர்வைசர் மேலே அலுவலகத்தைப் பார்த்தார், கீழே குவிந்திருந்த காலர்களைப் பார்த்தார். "மாசமா இருக்கிறவங்களுக்கு டோக்கன் வேண்டாம். போய்த் தொலைங்க" என்றார். மற்றவர்களுக்கு அந்த மரத்துண்டு இன்றும் தொடர்கிறது. அந்தச் சண்டை பாக்கி.

வீட்டில் மாமியார் தலைகீழாக மாறினார். முட்டை, பருப்பு, கீரை, கடலை, பழம் என்று தட்டு நிறைந்தது. "ஈரல் வாங்கிட்டு வாடா" என்று மகனை விரட்டினார். "எனக்காம்மா?" என்றவனுக்கு, "நீயா மாசமா இருக்க?" என்று பதில் வந்தது.

அடுத்த சோதனைக்கு இருவரும் போனார்கள். நர்ஸ் முடிவைப் படிக்கும்வரை மாமியார் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏறியிருக்கு. இன்னும் கொஞ்சம் ஏறணும், மாத்திரையை விடாதே. ஆனா பயம் போச்சு. பிரசவம் இங்கேயே பார்த்துக்கலாம். குழந்தையும் எடை போட்டிருக்கு."

"ரொம்பப் பெருசா?" என்று கேட்டார் மாமியார்.

"இருக்க வேண்டிய அளவுலதான் இருக்கும்மா."

வெளியே வந்ததும் மாமியார் படியில் உட்கார்ந்துவிட்டார். பொத்தான் பதறி அவர் தோளைப் பிடித்தாள்.

"என்ன அத்தை, என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்லடி. பசிக்குது. பயத்துல நேத்திலேருந்து தொண்டையில எதுவும் இறங்கலை."

"எனக்கு மட்டும் ஊட்டி ஊட்டி விட்டுட்டு நீங்க பட்டினியா? எந்திரிங்க, எதிர்ல ஓட்டல் இருக்கு."

"எனக்கு என்ன வாங்கித் தருவ?"

"முட்டை" என்றாள் பொத்தான். "ரெண்டு."