ஆறு மணி பேருந்துக்கு ஆளில்லை என்று எழுதினேன்

மந்தாரக்குப்பம் நிறுத்தத்தில், டீக்கடைப் பலகைக்கு மேல் அந்தச் சிறு பெட்டியை மாட்டியது நான்தான். பக்கத்தில் வருகிற போன்கள் வைஃபை தேடி அனுப்பும் சிக்னலை அது பிடித்துக்கொள்ளும். பெயர் எதுவும் பதியாது. ஒரு போன் எந்த நேரத்தில் இங்கே இருந்தது, அடுத்த பெட்டியை எப்போது கடந்தது என்பது மட்டும் தெரியும். டவுன்ஷிப் முழுக்க இப்படிப் பதினோரு பெட்டிகள். அவற்றை வைத்து ஜனங்கள் எங்கிருந்து எங்கே போகிறார்கள் என்று கணினியில் கணித்துச் சொல்வது எங்கள் ஆய்வுக் குழுவின் வேலை. பேருந்து நேரங்களை மாற்றுவதற்காக டவுன்ஷிப் நிர்வாகத்தில் அதைக் கேட்டிருந்தார்கள்.

காலை ஆறு மணி பேருந்தோடு ஒன்றிரண்டு போன்களே நகர்வதாகக் கணிப்பு காட்டியது. அந்த நடையை நிறுத்திவிடலாம் என்று எழுதி அனுப்பினேன். அனுப்பிய பிறகு உட்கார முடியவில்லை. நான் இந்த டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அந்த நேரத்தில் அந்தச் சாலை காலியாக இருந்து பார்த்ததே இல்லை. பெட்டி பழுதாகியிருக்கும் என்று நினைத்து மறுநாள் விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

பெட்டி நன்றாகத்தான் இருந்தது. அதன் கீழே பதினேழு பெண்கள் நின்றிருந்தார்கள். அலுவலகங்களைப் பெருக்கித் துடைக்கும் காண்ட்ராக்ட் வேலைக்காரர்கள். பெரும்பாலோரிடம் பட்டன் போன். அதில் வைஃபை கிடையாது. ஒரு அக்கா வெறுங்கையோடு நின்றார். போன் இல்லையா என்று கேட்டேன்.

“இருக்குதுங்க. வூட்ல பொண்ணு வெச்சிகினு படிக்குது. எதுக்குக் கேக்கறீங்க?”

சொல்லச் சங்கடமாக இருந்தது. சொன்னேன். அவர் பெட்டியை நிமிர்ந்து பார்த்தார்.

“அப்ப நாங்க தெனம் இங்க நிக்கறது இதுக்குத் தெரியாதா?”

அன்றே குழுத் தலைவரை அழைத்தேன். ஒரு நாள் பார்த்ததை வைத்து அறிக்கையை மாற்ற முடியாது என்றார். அதனால் ஒரு வாரம் தினமும் போய் நின்று, ஏறுகிறவர்களை நோட்டில் கோடு போட்டு எண்ணினேன். மூன்றாம் நாள் அந்த அக்கா எனக்கும் சேர்த்து டீ சொன்னார். தூரத்தில் ஓடிவந்த ஒருத்தியைக் காட்டி, “அதையும் போட்டுக்க கண்ணு” என்றார்.

நோட்டுப் பக்கங்களைப் படமெடுத்து, நான் எழுதியது தவறு என்று மேலே குறிப்பிட்டுக் குழுத் தலைவருக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. புதிய அட்டவணை வரும்வரை, வாரம் இரண்டு முறையாவது காரணமில்லாமல் அந்தப் பக்கம் போய்வந்தேன்.

அட்டவணை வந்தபோது அதில் அந்தப் பேருந்து இருந்தது, இருபது நிமிடம் தள்ளி. இப்போது வேலைக்குப் பிந்திப் போவதாகவும் மேஸ்திரி ஏசுவதாகவும் அக்கா சொன்னார். அதற்கு யாருக்கு எழுத வேண்டும் என்று ஆபீஸ் ஆபீஸாக விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.