அரை கிலோ

ஆம்பூர் டேனரியில் தோல் காயவைக்கும் சூட்டறை என் பொறுப்பில் இருந்தது. எங்களோடு வேலை பார்த்த ஒருவர் குத்துச்சண்டைக்காரர். மூக்கு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். போட்டி வந்தால் வெல்டர்வெயிட் பிரிவின் எடைக்கு இறங்க வேண்டும் என்று, உடம்புத் தண்ணீர் வேர்வையாக வடிய மழைக்கோட்டு போட்டுக்கொண்டு அந்த அறைக்குள் போய் உட்கார்ந்துவிடுவார். அவ்வப்போது வெளியே வந்து, தோல் நிறுக்கும் தராசில் ஏறிப் பார்ப்பார். உள்ளே இருக்கும்போது, உயிரோடு இருக்கிறேன் என்பதற்கு அடையாளமாகக் கதவை இரண்டு முறை தட்டுவார்.

ஒரு மத்தியானம் தட்டும் சத்தம் நின்றுபோனது. கதவைத் திறந்தேன். தொங்கும் தோல்களுக்கு நடுவே சுவரில் சாய்ந்து கிடந்தார். உதடு வெடித்திருந்தது. முகத்தில் ஒரு சொட்டு வேர்வை இல்லை.

"வெளிய வந்துடுப்பா, செத்துப் போய்டுவ!"

"இன்னாண்ணா, பயந்துட்டியா? அரை கிலோதான் ஜாஸ்தி. கதவ மூடு."

"வேர்வையே வரலியேப்பா."

"வரும்ண்ணா. மூடு."

மூடினேன். அடுத்த தட்டல் கேட்கும்வரை கதவில் காதை வைத்தபடி நின்றேன்.

அந்தப் போட்டியில் அவர் ஜெயித்தார். டேனரியே அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடியது. நான் கிட்டே போகவில்லை. அவர் சொன்னார் என்பதற்காகக் கதவை மூடிய என் கையை நினைத்தால் இன்றைக்கும் பயமாக இருக்கிறது.