என் காலும் அவள் கரண்டைக்காலும்

நான் பிறந்தபோது தலைக்கு முன்னால் கால் வந்ததாம். அப்படிப் பிறந்தவர்கள் காலால் நீவினால் சுளுக்கு ஓடிவிடும் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை. தூத்துக்குடிக்குப் பக்கத்தில் இருக்கிற புதுக்கோட்டையில் எங்கள் தெருவில் யாருக்கு இடுப்புப் பிடித்தாலும் என் வாசலுக்குத்தான் வருவார்கள். நான் யாரிடமும் ஒரு வெற்றிலைகூட வாங்கியதில்லை. பெருமை ஒன்றே எனக்குப் போதுமாக இருந்தது. அந்தப் பெருமைதான் ஒரு பெண்ணின் காலைக் கெடுத்தது.

அவள் என் கொழுந்தன் மனைவி. ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். தூத்துக்குடியில் ஒரு மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் இறால் உரிக்கிறாள். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நாள் முழுக்க ஈரத் தரையில் நிற்கிற வேலை. மூன்று வருஷத்துக்கு முன் கம்பெனி வேனிலிருந்து இறங்கும்போது அவளுடைய வலது பாதம் உள்பக்கமாக மடங்கிவிட்டது. வெளிப்பக்கத்துக் கரண்டை எலும்புக்குக் கீழே முட்டை அளவுக்கு வீக்கம்.

நல்லெண்ணெயைச் சுடவைத்து, என் குதிகாலால் அழுத்தி நீவினேன். அவள் தலையணையின் ஓரத்தைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். மூன்றாம் நாள் கேட்டபோது, "சரியாப் போச்சுக்கா" என்றாள். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன்.

அதன் பிறகு அந்தக் கால் அடிக்கடி மடங்கியது. சமதரையில் நடக்கும்போதே மடங்கும். ஒவ்வொரு முறையும் எண்ணெய், என் குதிகால், மறுபடியும் "சரியாப் போச்சுக்கா." ஒரே ஒரு தடவைதான், "ஆஸ்பத்திரில காட்டிட்டு வந்துருவமாக்கா?" என்று கேட்டாள்.

"ஏளா, ஊரே என் காலை நம்பி வருது. உனக்கு மட்டும் டாக்டர் கேக்கோ?" என்றேன். அதோடு விட்டேனா? இரண்டு நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் அவள் கேட்கவே இல்லை.

இந்த வருஷம் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது கால் மடங்கிப் பெட்டியோடு விழுந்தாள். காலைச் சரிபண்ணிக்கொண்டு வந்தால் வேலை, இல்லாவிட்டால் வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அப்போதுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நானும் கூடப் போனேன்.

டாக்டரம்மா குதிகாலைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். "எலும்பு முறியல. வெளிப்பக்கத்து ஜவ்வு திரும்பத் திரும்ப இழுபட்டுத் தளர்ந்துபோச்சு. காலைத் தாங்குற தசையும் பலமா இல்ல. முதல்லயே ஐஸ் வச்சு, கட்டுப்போட்டு, வீக்கம் வடிஞ்சதும் பயிற்சி செஞ்சிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது" என்றார். பிறகு, "வீங்கின காலை யாராவது அழுத்தித் தேய்ச்சாங்களா?" என்று கேட்டார்.

நான் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நானேதான் தேச்சேன் டாக்டர்" என்றாள் அவள்.

காலுக்குப் பட்டை போட வேண்டும். ரப்பர் வாரில் பாதத்தை மாட்டி வெளிப்பக்கமாகத் தள்ள வேண்டும். தினமும் ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். மூன்று மாதத்தில் பிடிமானம் வராவிட்டால் ஸ்கேன், ஒருவேளை ஆபரேஷன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். "அப்ப, சரியாப் போச்சுன்னு நீ சொன்னதெல்லாம்?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "உங்க மூஞ்சியப் பாத்தா வேற எப்படிக்கா சொல்லுதது?"

எனக்கு வெட்கமாக இருந்தது. ஊரெல்லாம் நான் சொல்லித் திரிந்த வைத்தியம், இவள் எனக்குப் பயந்து சொன்ன பொய். வலியை அவள் பூட்ஸுக்குள் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் வாசலில் உட்கார்ந்து பெருமை பேசியிருக்கிறேன்.

போன வாரம் பக்கத்து வீட்டுக்காரி கால் பிசகி வந்தாள். ஃபிரிட்ஜிலிருந்து ஐஸை எடுத்துத் துணியில் சுற்றிக் கொடுத்து, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு போனாள். அது வந்து ரொம்ப நாளாயிற்று என்று நான் சொல்லவில்லை.

காலையில் சமையலறையில் அவள் என் தோளில் ஒரு விரலை வைத்துக்கொண்டு வலது காலில் நிற்கிறாள். நான் எண்ணுகிறேன். முதல் வாரம் பத்துகூடத் தாண்டவில்லை. இன்றைக்கு இருபத்தைந்து வரை வந்தது.

"வலிக்கா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா" என்றாள்.

அந்த வார்த்தையை நம்பும் வழியை நானேதான் அடைத்துவிட்டேன். எண்ணுவதை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தேன். கால் நடுங்கிக்கொண்டிருந்தது.