தைக்காமல் விட்ட ஒரு சாண்

நன்றாக இருக்கிறேன் என்று தொடங்க எனக்கும் ஆசைதான். ஆனால் முதுகு விட்டுப்போகிறது, கண் எரிகிறது. வீட்டுக்காரரைப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டு இப்போதுதான் உட்கார்ந்தேன். இந்தக் களைப்போடுதான் என் தாய் மாரியம்மா எனக்குச் செய்ததைச் சொல்லப் போகிறேன். அவளை நம்புகிறவர்கள் கேளுங்கள்.

நாங்கள் லூனாஸ் பக்கம். நான் கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில், எங்கள் பேச்சில் கீலாங்கில், ஷிப்டு வேலை பார்த்தேன். என் வீட்டுக்காரர் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். முந்தின தீபாவளி முடிந்த வாரம், காலையில் பசியாறிக்கொண்டிருந்தவர் அப்படியே நாற்காலியோடு சாய்ந்தார். ஸ்ட்ரோக். வலது கையும் காலும் போய்விட்டன. பேச்சு குழறியது. எங்கள் ஒரே மகளைத் தூரத்தில், ஜித்ராவில் கட்டிக்கொடுத்திருக்கிறோம், அவளுக்கும் கைக்குழந்தை. அவரைப் பார்க்க என்னை விட்டால் ஆள் கிடையாது. வேலையை விட்டேன்.

எனக்குத் தெரிந்த இன்னொரு வேலை தையல். சின்ன வயதிலிருந்தே எங்கே துண்டுத்துணி கண்டாலும் பொறுக்கி வைப்பேன். ஒன்றோடொன்று ஒட்டி, உள்ளே பழைய புடவையை மடித்துக் கொடுத்து, ஓட்டுத்தையல் போட்டுப் போர்வை ஆக்குவேன். நிறத்துக்குப் பக்கத்தில் நிறம் வைத்துப் பார்க்கும்போது எனக்குப் பசியே எடுக்காது. இதையே விற்றால் என்ன என்று பாசார் மாலாமில், வாராந்தர இரவுச் சந்தையில், கடை போட்டேன். நம் பெண்கள் வந்தார்கள், தடவிப் பார்த்தார்கள், கீழே வைத்துவிட்டார்கள்.

“அழகாத்தான் இருக்குக்கா. ஆனா ஒட்டுப்போட்ட துணி வீட்டுக்கு ஆகாதுலா. தரித்திரம்னு மாமியார் ஏசும்.”

இதையேதான் எல்லோரும் சொன்னார்கள். ஒருநாள் இரவு கடையை மூடிவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால், தண்ணீர் எடுக்க எக்கிய மனிதர் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறார். எவ்வளவு நேரமாகக் கிடந்தாரோ. ஐயோ, அந்தக் கோலத்தை எப்படிச் சொல்வேன்! அதோடு கடையை விட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் தொழிற்சாலையில் என் லைன் லீடர் திரும்பக் கூப்பிட்டார். போனால் சம்பளம் உண்டு. ஆனால் வீட்டுக்காரரை ஏதாவது ஒரு பராமரிப்பு இல்லத்தில் விட வேண்டும். அதைக் கேட்டதும் அவர் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போய் அழுதேன். “தாயே, இவர் கட்டில் பக்கத்துலயே உக்காந்து செய்ய ஒரு வேலை குடு. வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்” என்றேன்.

ஆடி பிறந்ததும் பின் வரிசை வீட்டுச் சரசு அக்கா ஒரு பை நிறையப் பழைய புடவைகளோடு வந்தார். அவர் மருமகள் கவிதாவுக்கு இரண்டு முறை கரு தங்காமல் போய்விட்டது. இப்போது ஏழாம் மாதம். பிள்ளை தங்காத வீட்டில் நம்மவர்கள் செய்வது உங்களுக்குத் தெரியும்: பிள்ளை குட்டியோடு நல்லபடி வாழ்கிற வீடுகளில் பழந்துணி பிச்சை கேட்டு வாங்கி, பிறந்ததை அதில்தான் கிடத்துவார்கள். பிச்சைப் பிள்ளை என்றால் கண்ணும் படாது, எமனும் திரும்பிப் பார்க்கமாட்டான் என்று ஒரு நம்பிக்கை.

“நம்ம வரிசை பூரா கேட்டு வாங்கிட்டேன் மலரு. எல்லார் புடவையும் அந்தப் பிள்ள மேல படணும். நீதான் ஒட்டித் தரணும். ஆனா ஒண்ணு, பிள்ள வீட்டுக்கு வர்றதுக்கு முந்தி முடிச்சிடாத.”

பிறப்பதற்கு முன்னே பிள்ளைக்கு எதையும் தயார் செய்து வைக்கக் கூடாது. எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் புடவைகள் அப்படி அமைந்தன. மாம்பழ மஞ்சள், வெளுத்துப்போன சிவப்பு, மெத்தென்ற ஊதா. வெகுநாள் கழித்து ஆசைப்பட்ட வேலை. அன்று வீட்டுக்காரரும் நன்றாகத் தூங்கினார். கை நிற்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் நாலு பக்க விளிம்பும் மூடித் தைத்தாகிவிட்டது, போர்வை முடிந்துவிட்டது. யாரிடமும் சொல்லாமல் அலமாரியில் வைத்தேன்.

அந்த வாரமே கவிதாவுக்கு வலி கண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து சரசு அக்கா போன் செய்தார். “பொம்பளப் பிள்ள மலரு. கண்ணாடிப் பெட்டியில வெச்சிருக்காங்க. மூச்சு சரியா வரல. டாக்டர் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாரு. வேண்டிக்கலா, எனக்காக வேண்டிக்க.”

பாவி, நான்தானே முடித்து வைத்தேன் என்று தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் திக்கித் திக்கிப் பேசினார்.

“விளிம்பப்... பிரி. முடிக்கலன்னு... ஆயிடும்ல. கோயிலுக்கு... எடுத்துட்டுப் போ.”

“உங்கள யாரு பாத்துக்குவா?”

“நான் எங்க ஓடப் போறேன்? போ.”

ஒரு சாண் அளவுக்குத் தையலைப் பிரித்தேன். போர்வையை எடுத்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தேன். உச்சி வெயில். கேட் பூட்டியிருந்தது. சுற்றிலும் செம்பனை, ஓர் ஆள் இல்லை. கேட்டுக்கு வெளியே மண்ணில் உட்கார்ந்தேன். அழக்கூடத் தெம்பு இல்லை.

“எனக்கு வேலை வேணாம் ஆத்தா. நான் கேட்டத நீயே வெச்சுக்க. கீலாங்குக்கே போறேன், அவர இல்லத்துல விட்டுர்றேன். அந்தப் பிள்ளைக்கு மூச்சக் குடு.”

அவ்வளவுதான் சொன்னேன். மணி அடிக்கவில்லை, பூ விழவில்லை. வீட்டுக்கு வந்து, சொன்னபடி லைன் லீடருக்குப் போன் போட்டு அடுத்த மாதம் வருகிறேன் என்றேன். இல்லத்திலும் இடம் கேட்டேன். வீட்டுக்காரர் சட்டைகளை மடித்துப் பையில் வைத்தேன்.

பிள்ளை மெல்ல மெல்லத் தானாக மூச்சு விட்டது. பால் குடித்தது. ஆவணியில், நான் வேலைக்குச் சேர இருந்த வாரத்துக்கு முன்னால், சரசு அக்கா என் வாசலில் வந்து நின்றார். “வந்துட்டாடி! ஊசிய எடுத்துக்கிட்டு வா!”

கவிதா மடியில் பிள்ளை. பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஒரு சாணையும் தைத்து மூடினேன். பிள்ளை முகத்தையே பார்த்துக்கொண்டு தைத்ததில் தையல் கோணல். அம்மா தாயே என்று பிள்ளையை அதில் கிடத்தினோம். பிச்சையம்மா என்று கூப்பிட்டார்கள். “ஸ்கூலுக்கு வேற பேரு வெச்சுக்கலாம்லா” என்று கவிதா சிரித்தாள்.

தொட்டில் போட்ட அன்று வந்த பெண்களெல்லாம் அந்தப் போர்வையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அவர்களில் ஒருத்தி, பாசார் மாலாமில் தரித்திரம் என்று சொன்ன அதே பெண். “என் தங்கச்சி முழுகாம இருக்குக்கா, எங்களுக்கும் ஒண்ணு” என்றாள். வீட்டுக்குத் திரும்புவதற்குள் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். நான் விட்டுக்கொடுத்த வேலையை அம்மாவே திருப்பித் தந்துவிட்டாள். லைன் லீடரிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டு, பையிலிருந்த சட்டைகளை எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அழுதார். நானும் அழுதேன்.

இப்போது அவர் கட்டிலை ஒட்டித்தான் என் தையல் மெஷின். இடது கையை நீட்டி, “பச்ச வேணாம், மஞ்ச வையி” என்று அதிகாரம் செய்கிறார். ஒவ்வொரு போர்வையிலும் ஒரு சாண் விளிம்பை விட்டுவைக்கிறேன். பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகு நானே போய்த் தைக்கிறேன். நான் திரும்பும்வரை சரசு அக்கா இவர் பக்கத்தில் இருப்பார். ஒரே ஒரு போர்வை மட்டும் இன்னும் மூடாமல் என்னிடமே இருக்கிறது. அந்தப் பிள்ளை வீட்டுக்கு வரவில்லை. ஏன் என்று அம்மாவைக் கேட்கிறேன். அவள் இன்னும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் அதை அவள் காலடியில் வைத்து எடுத்து வருகிறேன்.

நீங்களும் போங்கள். தெம்பு வந்த பிறகு போகலாம் என்று இருக்காதீர்கள், களைப்போடேயே போங்கள். கோயில் பூட்டியிருந்தால் கேட்டுக்கு வெளியே உட்காருங்கள். அங்கிருந்து சொன்னாலும் அவளுக்குக் கேட்கும். நான் சொன்னதைக் கேட்டாள்.

அவர் கூப்பிடுகிறார். புரட்டிப் படுக்கவைக்க வேண்டும்.