உச்சந்தலையில் இரண்டு கைகள்

பொம்மைக்கு முடி இல்லை. நாங்கள் அத்தனை பேரும் அதன் தலையில் தட்டியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

செங்கல்பட்டில் என் மூன்று வயது மகள் போகும் மழலையர் பள்ளியில், ஒரு சனிக்கிழமை காலை, பெற்றோருக்கு முதலுதவி வகுப்பு வைத்தார்கள். போகாவிட்டால் மிஸ் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார் என்று போனேன். "பெத்த புள்ளைய பாத்துக்க ஒரு கிளாஸா? வேற வேல இல்ல" என்று கணவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வகுப்பெடுத்த நர்ஸ் அக்காவுக்கு வாய் ஜாஸ்தி. மேசைமேல் ஒரு ரப்பர் பொம்மையைக் கிடத்தி, மூச்சு நின்றுபோன குழந்தையின் நெஞ்சை அழுத்துவது எப்படி என்று முதலில் காட்டினார். நான் அழுத்தியதைப் பார்த்து, "இன்னாமா, சப்பாத்தி மாவு பதமா கீதான்னு பாக்குறியா? அமுக்கு!" என்றார். எனக்குப் பின்னால் வந்த ஒரு அப்பா அமுக்கிய அமுக்கில் மேசையே நகர்ந்தது.

அடுத்து, "சாப்டசொல்ல புள்ளைக்கு தொண்டைல அடைச்சிக்கிச்சு. இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டார். வரிசையாக வந்து பொம்மையின் உச்சந்தலையில் தட்டினோம். ஒரு அம்மா, "யாரோ நெனைக்கிறாங்க" என்று வேறு அதற்கு ஆறுதல் சொன்னார்.

நர்ஸ் அக்கா தன் தலையில் அடித்துக்கொண்டார். "தலையில இன்னா கீது? தொண்டைல மாட்டிக்கினு கீது! நல்லா இருமுற புள்ளைய இரும வுடு. சத்தமே வரலன்னா குனிய வெச்சி, ரெண்டு தோள்பட்டைக்கு நடுவுல அஞ்சு அடி. கொஞ்சாத, அடி." அதற்கும் வராவிட்டால், ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு வயிற்றை எப்படி அழுத்துவது என்றும் செய்து காட்டினார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம், "எல்லாம் மக்குங்க, பொம்ம தலையில தட்டுதுங்க" என்று சொல்லிச் சிரித்தேன். நானும் தட்டியதைச் சொல்லவில்லை.

மறுநாள் ஞாயிறு. பைக்கில் மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனோம். மகள் கையில் தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல். வாய் நிறைய அதை அடைத்துக்கொண்டு அலைக்குப் பயந்து ஓடிவந்தவள், சட்டென்று நின்றாள். வாய் திறந்திருந்தது, சத்தம் இல்லை. இருமல்கூட இல்லை. கண்ணிரண்டும் என்னையே பார்த்தன.

கணவர் அவள் தலையில் தட்டினார். "ஒண்ணுமில்லமா, யாரோ நெனைக்கிறாங்க."

முந்தைய நாள்தான் படித்துவிட்டு வந்த நான் என்ன செய்தேன்? நானும் தட்டினேன். ஒரு சின்னத் தலையில் இரண்டு கைகள் போட்டி போட்டுத் தட்டின. "தண்ணி குடும்மா" என்று யாரோ பாட்டிலை நீட்டினார்கள். அவள் உதடு நிறம் மாறத் தொடங்கியது.

"யோவ், கைய எடுய்யா!" என்று கத்தினேன். என் கையையும் சேர்த்துத்தான் திட்டினேன். மணலில் மண்டிபோட்டு, அவளை என் தொடைமேல் கவிழ்த்து, தலை தாழ்ந்திருக்கும்படி பிடித்துக்கொண்டேன். முதல் அடி தடவியது போலத்தான் விழுந்தது. 'கொஞ்சாத' என்ற குரல் காதில் கேட்டது. இரண்டு. மூன்று. நான்காவது அடி எனக்கே வலித்தது. நகம் அளவு தேங்காய்ப் பத்தை மணலில் விழுந்தது. அப்புறம்தான் பிள்ளை வீறிட்டாள்.

"பச்சப் புள்ளைய இப்டியா போட்டு அடிப்ப? நீயெல்லாம் ஒரு தாயா?" என்று ஒரு அம்மா கேட்டார். அவர் முதுகிலும் ஐந்து வைத்திருப்பேன். அழுகை முந்திக்கொண்டது. கணவர் அந்தத் தேங்காயைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எதற்கென்று அவருக்கே தெரியாது.

அன்றே செங்கல்பட்டில் டாக்டரிடம் காட்டினோம். ஒன்றுமில்லை என்றார். வீடு திரும்பும் வழியெல்லாம் நர்ஸ் அக்கா சொல்லிக்கொடுத்ததை ஒன்றுவிடாமல் கணவரிடம் சொன்னேன்.

திங்கள் காலை நாஸ்தா. இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த மகள் இருமினாள். கணவரின் கை அவள் தலைக்குப் போய், பாதியில் நின்றது.

"இருமுறா... இரும வுடணும், இல்ல?"

"ஆமா, வுடு."

இருமல் தானாக அடங்கும்வரை இருவரும் சாப்பிடாமல் அதையே கேட்டுக்கொண்டிருந்தோம். அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை.

"கிளாஸுக்கு போய்ட்டு வந்த நானும் நேத்து தலையிலதான்யா தட்னேன்."

"பாத்தேன்" என்றார். "அதான் கேக்குறேன், மறுபடி எப்ப அந்த கிளாஸு? ரெண்டு பேரும் போலாம்."