சுகந்தி சொன்ன காரணம்

யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில் நான் தாய், பிள்ளைகளைக் கவனிக்கும் குடும்பநல உத்தியோகத்தராக இருந்தபோது, சுகந்தி தன் குழந்தையை இரண்டாவது தடுப்பூசிக்குக் கொண்டுவரவில்லை. தடுப்பூசி பற்றிய வதந்திகளை நம்பிவிட்டாள் என்று நானே முடிவுகட்டி, அவள் வீட்டு வாசலில் நின்று சத்தம் போட்டேன்.

அவள் குழந்தையை அணைத்தபடி சொன்னாள்: "முதல் ஊசி போட்டபிறகு பிள்ளைக்கு உடம்பு நெருப்பாக் கொதிச்சது, மிஸ். காய்ச்சல் வரும் எண்டு ஏன் ஒரு சொல்லுச் சொல்லேல்லை? பிள்ளை செத்துப்போகுமெண்டு பயந்தனான்."

முதல் ஊசி போட்ட அன்று கிளினிக்கில் கூட்டம். சொல்லாமல் விட்டது நான்தான்.

"பிழை என்ரைதான்" என்று சொல்லி, அங்கேயே உட்கார்ந்து, காய்ச்சல் ஏன் வருகிறது, வந்தால் என்ன செய்வது என்று எல்லாவற்றையும் விளக்கினேன். ஒரு கிழமை கழித்து இரண்டாவது ஊசிக்குக் குழந்தையோடு வந்தாள். மறுநாள் நானே போய்க் குழந்தையைப் பார்த்தேன்.

இப்போது யாராவது தடுப்பூசி வேண்டாம் என்றால், முதலில் ஏன் என்று கேட்கிறேன். அதற்குப் பிறகு பெரும்பாலானவர்கள் வருகிறார்கள்.