சுகாதாரப் படத்தில் அப்பா

கண்டி மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் ஒருவர் வெற்றிலை எச்சிலைத் துப்புகிறார். கிழிந்த பெனியன், தோளில் சாக்கு. பள்ளிக்கூடங்களில் காட்டுவதற்காக அந்தக் காலத்தில் எடுத்த சுகாதாரப் படம் அது. போன வாரம் யாரோ இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். "எவ்வளவு அழகான கண்டி!" என்று கீழே பலர் உருகியிருந்தார்கள். பழைய பஸ்கள், குடை பிடித்த பெண்கள், கடைப் பலகைகள் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து மகிழ்ந்தவர்களில் ஒருவர்கூட அந்த மனிதர் யார் என்று கேட்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் என் அப்பா.

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து இறங்கிவந்து சந்தையில் மூட்டை சுமந்தவர். வெற்றிலை போடும் பழக்கமே அவருக்குக் கிடையாது. படம் பிடிக்கிறார்கள் என்றதும் தீபாவளிக்குத் தைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். சாயங்காலம் அதைக் கையில் மடித்துக்கொண்டு திரும்பினார். "வெள்ளச் சட்ட படத்துல சரியா விழாதாம்" என்றார். நானும் நம்பினேன்.

பிறகு எங்கள் பள்ளிக்கூடத்தில் திரை கட்டி அந்தப் படத்தைப் போட்டார்கள். "இப்படிப்பட்டவர்களால்தான் நகரம் நாறுகிறது" என்றது கணீரென்ற ஒரு குரல். வகுப்பே திரும்பி என்னைப் பார்த்தது. வீட்டில் நான் மூச்சுவிடவில்லை. படம் வந்ததா என்று அப்பாவும் ஒருநாளும் கேட்கவில்லை. மறந்துவிட்டார் போலும் என்று நினைத்து நிம்மதியடைந்தேன்.

அப்பா போய்ச் சேர்ந்து பல வருடங்களாகின்றன. வீட்டில் அவருடைய புகைப்படம் ஒன்றுகூட இல்லை. பேராதனையில் என்னோடு இருக்கும் அம்மா இப்போதெல்லாம், "அவரு முகம் கொஞ்சங் கொஞ்சமா மறக்குதுடி" என்று அழுகிறார். அந்தப் படத்தில் முகத்தைக் காட்டலாம். அந்தக் குரலை எப்படிக் கேட்க வைப்பது? இரண்டு நாள் தவித்துவிட்டு, சத்தத்தை அடைத்து போனை அம்மாவின் கையில் கொடுத்தேன்.

அம்மா கண்ணருகே வைத்துப் பார்த்தார். "அவரேதான். அந்த நடையப் பாரு" என்று சிரித்தார். திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். பிறகு, "சத்தத்த வை" என்றார்.

"பழைய படம்மா. சத்தம் இல்ல."

அம்மா போனை மடியில் வைத்தார்.

"எனக்குத் தெரியும்டி. படம் புடிச்ச அன்னைக்கு வந்தவரு, இருட்டுற வரைக்கும் பீலித் தண்ணியில வாயக் கொப்புளிச்சுக்கிட்டே இருந்தாரு. 'ஊர அசிங்கம் பண்றவனா என்னையக் காட்டப் போறாங்க, புள்ளகிட்ட சொல்லிறாத'ன்னாரு."